நுல் புவான்: ஒரு புள்ளிகூட இல்லை

பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் பாட்டுப் போட்டி யூரோவிஷன். 1978-ல் பாரிஸில் நடந்த போட்டிக்கு இருபது நாடுகள் வந்திருந்தன. நார்வே சார்பில் பாடியவர் யான் தெய்கன். பாட்டின் பெயர் ‘மில் எட்டர் மில்’. தமிழில் ‘மைல் மைலாக’ என்று சொல்லலாம். கால்சட்டையின் தோள்வார்களை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உற்சாகமாகப் பாடினார். எல்லா நாடுகளும் புள்ளி போட்டு முடித்தபோது நார்வேயின் பெயருக்கு நேராக ஒன்றும் ஏறவில்லை. இந்த நிலைக்குத்தான் ‘நுல் புவான்’ என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதே இங்கே கேள்வி.

இப்படி நேர்வது எவ்வளவு அரிது என்பது புள்ளி போடும் முறையைப் பார்த்தால் விளங்கும். 1975 முதல் 2015 வரை ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 1 முதல் 8 வரையும், பிறகு 10, 12 என்றும் புள்ளி தந்தது. தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. அந்த ஆண்டு நார்வே தவிரப் பத்தொன்பது நாடுகள். ஆளுக்குப் பத்துப் பாட்டு என்றால் மொத்தம் 190 இடங்கள். அதில் ஒன்றில்கூட நார்வே இல்லை. இந்த முறை வந்த பிறகு அப்படி வெறுங்கையோடு திரும்பிய முதல் நாடு அதுதான்.

சொல்லுக்கு வருவோம். யூரோவிஷன் மேடையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். பன்னிரண்டு புள்ளி என்பதைப் பிரெஞ்சில் ‘தூஸ் புவான்’ என்று உரக்க அறிவிப்பதைக் கேட்டுக் கேட்டு ஐரோப்பா முழுக்கப் பழகிவிட்டது. அதே வாய்பாட்டில், பிரிட்டனில் பேச்சு வழக்காகப் பிறந்ததுதான் ‘நுல் புவான்’. போட்டியில் இதை யாரும் அறிவித்ததில்லை. நீண்ட காலம் அறிவிக்கவும் வழியில்லை, புள்ளி வாங்கிய பாட்டுகளைத்தானே படித்தார்கள், வாங்காத பாட்டின் பெயர் வாயிலேயே வராது. பிரெஞ்சுக்காரர்களும் இப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கு அது ‘ஸெரோ புவான்’, இல்லாவிட்டால் ‘ஒகன் புவான்’. இன்றைய பிரெஞ்சில் ‘நுல்’ என்று தனியாகச் சொன்னால் ‘மட்டம்’, ‘உருப்படாதது’ என்ற பொருளே முதலில் வரும். ஆக, பிரெஞ்சு உடை போட்ட பிரிட்டிஷ் சொல் இது. அந்த பிரிட்டனுக்கே 2003-லும் 2021-லும் இது வந்து சேர்ந்தது.

‘நுல்’லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘நுல்லுஸ்’ என்பது ‘நெ’ (இல்லை), ‘உல்லுஸ்’ (ஏதேனும் ஒன்று) இரண்டும் சேர்ந்தது. ‘உல்லுஸ்’ என்பதோ ஒன்று என்று பொருள்படும் ‘ஊனுஸ்’ என்பதன் சிறுமை வடிவம். சின்னதாய் ஒன்றுகூட இல்லை என்பதுதான் அதன் அடிப்பொருள். ‘புவான்’ வந்தது ‘புங்க்தும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. அதற்குக் குத்திய இடம், குத்தினால் விழும் பொட்டு என்று பொருள்.

இதே இரண்டு வேர்களும் நார்வே மொழிக்கும் போயிருக்கின்றன. அங்கே பூஜ்யத்துக்கு ‘நுல்’ என்பதே அன்றாடச் சொல். ‘நுல் பொயங்’ என்று இயல்பாகப் பேசுகிறார்கள். பிரெஞ்சில் செயற்கையாக ஒலிக்கும் சொற்றொடர் நார்வே மொழியில் நல்ல இலக்கணத்தோடு இருக்கிறது. இந்தச் சொல்லை ஆஸ்திரியாவோடு சேர்ந்து அதிகம் அனுபவித்த நாடும் அதுதான் என்பதால் எனக்கு இது வெறும் தற்செயலாகத் தெரிந்தாலும் மனதைத் தொடுகிறது.

நார்வே 1960-ல் முதன்முதலில் கலந்துகொண்டது. நோரா புரோக்ஸ்டெட் பாடி நான்காம் இடம். நல்ல தொடக்கம். அப்புறம் 1963-ல் ஒரு புள்ளிகூட இல்லை. 1978-ல் தெய்கன். 1981-ல் ஃபின் கால்விக், மறுபடி அதே கதி. 1997-ல் டோர் என்ட்ரெசன், அன்று துணைக்குப் போர்ச்சுகலும் இருந்தது. ஆக நான்கு முறை. கடைசி இடத்தை எண்ணினால் 2024 வரை பன்னிரண்டு முறை, வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை இல்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடைசி இடம் வேறு, நுல் புவான் வேறு. 2024-ல் நார்வே கடைசியில் வந்தாலும் 16 புள்ளி வாங்கியிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இதே நாடுதான் மூன்று முறை வென்றும் இருக்கிறது. 1985-ல் பாபிசாக்ஸ் என்ற இரு பெண்கள் வென்றார்கள். 1995-ல் சீக்ரெட் கார்டன் குழு, மொத்தம் 24 சொற்களே உள்ள, பெரும்பாலும் வயலினால் நகரும் பாட்டோடு வந்து முதலிடம் பிடித்தது. 2009-ல் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ரிபாக் 387 புள்ளி வாங்கினார். இரண்டாவதாக வந்த ஐஸ்லாந்தைவிட 169 அதிகம்.

ஆனாலும் தெய்கனின் கதைதான் என் நெஞ்சில் நிற்கிறது. ஊர் திரும்பியவரை யாரும் ஒதுக்கவில்லை. அந்தப் பாட்டு நார்வேயில் பெரிய வெற்றி பெற்றது. அவர் 1982-லும் 1983-லும் மீண்டும் நாட்டுக்காக யூரோவிஷன் மேடை ஏறினார். பன்னிரண்டாம் இடம், அடுத்து ஒன்பதாம் இடம். 2020-ல் மறையும் வரை நார்வேக்காரர்களின் அன்புக்குரிய பாடகராகவே இருந்தார். ‘நுல் புவான்’ என்பதைத் தமிழாக்கும்போது இவரை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கேலி ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லை எடுத்து அதில் அவரை உட்கார வைப்பது நியாயமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் பூஜ்யத்துக்குச் சொல் பஞ்சம் இல்லை. பரீட்சையில் ஒன்றும் வாங்காவிட்டால் ‘முட்டை’ என்போம். கிரிக்கெட்டில் ஆங்கிலேயர் சொல்லும் ‘டக்’ கூட வாத்து முட்டையிலிருந்து வந்ததுதான். வடிவம் பொருந்துகிறது, ஆனால் முட்டை என்றதும் வகுப்பறைச் சிரிப்பு கூடவே வருகிறது. வேண்டாம். ‘சூனியம்’ நல்ல பழைய சொல், இன்றைக்கு அதைச் சொன்னால் யாரோ வைத்துவிட்டார்கள் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். ‘சைபர்’ அதே சூனியத்தின் பேரப்பிள்ளை: சமஸ்கிருத ‘சூன்ய’ அரபியில் ‘ஸிஃப்ர்’ என்று மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பா சுற்றி ஆங்கிலம் வழியாக நம்மிடம் திரும்பிவந்தது. அதே அரபிச் சொல் இத்தாலி வழியாகப் போய் ‘ஸீரோ’ ஆனது. ‘பூஜ்யம்’ வடமொழியில் வணங்கத்தக்கது என்று பொருள்படும். தமிழில் எண்ணாகவே நிலைத்துவிட்டது. இலங்கைப் பாடநூல்களில் அது ‘பூச்சியம்’. பரிபாடலில் எண்களை அடுக்கும் ஓர் இடம் ‘பாழ்’ என்று தொடங்கும். அழகான சொல், இன்று அதற்கு அழிவு என்ற நிறம் ஏறிவிட்டது.

எஞ்சுவது ‘சுழி’. வளைத்துப் போடும் கோடு என்பதுதான் அதன் பொருள், அதில் பழியும் இல்லை, கிண்டலும் இல்லை. எழுதத் தொடங்கும்போது பிள்ளையார் சுழி போடுகிற மொழியில் சுழி என்பது தொடக்கமும்கூட. தெய்கனுக்கு இது பொருந்துகிறது.

‘புவான்’ என்பதற்குப் புள்ளியைவிடச் சரியான சொல் கிடையாது. லத்தீனில் குத்திய பொட்டு எப்படி மதிப்பெண் ஆனதோ, அப்படியே தமிழில் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி போட்டிக் கணக்குக்கும் பெயராகிவிட்டது. இலங்கையில் பரீட்சை மதிப்பெண்ணுக்கே புள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ‘சுழியப் புள்ளி’ என்று மட்டும் எழுத வேண்டாம். அது இயற்பியலில் வேறொன்றைக் குறிப்பதால் குழப்பம் வரும்.

பட்டியலில், தலைப்பில், பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் ‘சுழிப்புள்ளி’ என்று எழுதலாம்: ‘நார்வேயின் நான்கு சுழிப்புள்ளிகள்’. வாக்கியத்துக்குள் வரும்போது அதுவும் தேவையில்லை. லத்தீன் வேர் சொன்ன அதே பொருள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: 1978-ல் தெய்கனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.