ஃபீல்ட்ஸ் மெடல் வாங்குறவங்க எந்த வழியா வர்றாங்க?

மேத்ஸுக்கு நோபல் கிடையாது, அந்த இடத்துல எல்லாரும் வச்சுப் பேசுறது ஃபீல்ட்ஸ் மெடலத்தான். நாலு வருஷத்துக்கு ஒருக்கா நடக்குற உலகக் கணித மாநாட்டுல ரெண்டுலேர்ந்து நாலு பேருக்குக் குடுப்பாங்க. 1936ல ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு பாரிஸ், பிரின்ஸ்டன், ஹார்வர்டு, மாஸ்கோன்னு கொஞ்ச ஊருங்களச் சுத்தித்தான் பேருங்க வந்துட்டு இருந்துச்சு, 1954ல ஜப்பான்காரர் கொடைரா மாதிரி எப்பவாவது ஒருத்தர் வெளிய இருந்து வருவாரு. 2010லேர்ந்து வந்த லிஸ்ட்டப் பாருங்க, வியட்நாம்ல படிச்ச நோ பாவ் சாவ், ஈரான்ல வளந்த மரியம் மிர்சாகானி, பிரேசிலோட ஆர்டுர் ஆவிலா, குர்து விவசாயக் குடும்பத்துல பொறந்த பிர்கார், உக்ரைனோட வியாசோவ்ஸ்கா. திறமசாலிங்க முன்னாடியும் எல்லா ஊர்லயும் இருந்திருப்பாங்க, அவங்க மேல வர்றதுக்கான பாதைதான் இப்போ கொஞ்சம் திறந்திருக்கு.

அந்தப் பாதை புரியணும்னா முதல்ல வயசு ரூல் புரியணும். மாநாடு நடக்குற வருஷம் ஜனவரி 1க்கு முன்னாடி 40 வயசு ஆகியிருக்கக் கூடாது. இந்தப் பரிசுக்குக் காரணமான கனடா பேராசிரியர் ஜான் சார்லஸ் ஃபீல்ட்ஸ், முடிச்ச வேலைக்கு மரியாதையாவும் இருக்கணும் இனிமே செய்யப்போறதுக்கு ஊக்கமாவும் இருக்கணும்னு நெனச்சாரு, அது 1966ல கறாரான 40 ஆயிடுச்சு. ஃபெர்மாவோட கடைசித் தேற்றத்த நிரூபிச்ச ஆண்ட்ரூ வைல்ஸ் ப்ரூஃப்ல இருந்த ஓட்டைய அடைச்சு முடிக்கும்போது 41, அதனால 1998ல அவருக்கு ஒரு வெள்ளித் தகடு மட்டும் குடுத்தாங்க. நோபல் எண்பது வயசுலயும் வரும், இங்க அதுக்கு வாய்ப்பே இல்ல. அதனால கணக்கப் பின்னாடிலேர்ந்து போட்டுப் பாருங்க, 38 வயசுக்குள்ள பேர் சொல்ற மாதிரி ஒரு ரிசல்ட் வேணும்னா இருபத்தஞ்சு, இருபத்தாறுல பிஎச்டி முடியணும், அதுக்குப் பதினாலு, பதினஞ்சு வயசுலயே நல்ல கணக்கு கையில கிடைச்சிருக்கணும். சின்ன ஊர்ல லேட்டா ஆரம்பிக்கிற பிள்ளைக்கு இந்த ரூல்ல இடமே இல்லாமப் போயிடுது.

இந்த இடத்துலதான் மேத்ஸ் ஒலிம்பியாட் பெரிய வேல செஞ்சிருக்கு. 1959ல ருமேனியால ஏழு நாட்டோட ஆரம்பிச்ச ஸ்கூல் பசங்க போட்டி. 1988ல கான்பெரால நடந்தப்ப அங்க உக்காந்து எழுதினவங்கள்ல 13 வயசு டெரன்ஸ் டாவ் தங்கம், நோ பாவ் சாவ் 42க்கு 42, இஸ்ரேலோட லிண்டன்ஸ்ட்ராஸ் வெண்கலம், மூணு பேருமே பின்னாடி ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினாங்க! 1994 ஹாங்காங்ல மிர்சாகானிக்குத் தங்கம், டெல்லில பொறந்து ஆஸ்திரேலியால வளந்த அக்ஷய் வெங்கடேஷுக்கு 12 வயசுல வெண்கலம்.

மிர்சாகானி கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் அவங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். அது வரைக்கும் ஈரான் ஒலிம்பியாட் டீம்ல ஒரு பொண்ணு கூட போனதில்ல, மரியமும் அவங்க தோழியும் போய் பசங்க ஸ்கூல்ல நடக்குற மாதிரி ப்ராப்ளம் சால்விங் க்ளாஸ் எங்களுக்கும் வேணும்னு கேட்டாங்க, அந்தம்மா ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டாங்க. மரியம் அங்கேர்ந்து ஷரீஃப் பல்கலைக்கழகம், ஹார்வர்டு, 2014ல மெடல் வாங்கின முதல் பெண்.

ஒலிம்பியாட்டோட பாதை முடிஞ்சிடாது, அடுத்த படி வேணும். ரியோல 1952லயே அரசாங்கம் ஆரம்பிச்ச இம்பான்னு ஒரு கணித நிறுவனம் இருக்கு, ஆவிலா ஸ்கூல் படிக்கும்போதே அங்க போய் முதுகலைப் பாடம் படிச்சாரு, 21 வயசுல அங்கயே பிஎச்டி. மத்தவங்க பாதி பேருக்கு இந்தப் படிக்கு ஊர விட்டுப் போக வேண்டியிருந்துச்சு, நோ பாவ் சாவ் பாரிஸுக்கு, பிர்கார் டெஹ்ரான்ல படிச்சுட்டு பிரிட்டன்ல அகதியா தஞ்சம் கேட்டு நாட்டிங்ஹாம்ல பிஎச்டி. இந்த வழி எதுலயும் வராதவரு கொரியால வளந்த ஜூன் ஹூ, கவிஞர் ஆகணும்னு ஸ்கூல விட்டவரு, காலேஜ் கடைசில ஜப்பான் கணித மேதை ஹிரோனாகாவோட க்ளாஸ்ல உக்காந்து கணக்குப் பக்கம் திரும்பினாரு, மெடல் வாங்கும்போது 39.

2022 வரைக்கும் வாங்கின 64 பேர்ல பெண்கள் ரெண்டே பேர், மிர்சாகானியும், எட்டுப் பரிமாணத்துல கோளங்கள எப்படி நெருக்கி அடுக்குறதுன்னு தீர்த்த வியாசோவ்ஸ்காவும். 40ங்கிற கோடு குழந்தை பெத்துக்குற வருஷங்கள் மேலயே விழுது, அதப் பத்தி இன்னும் சத்தமாப் பேசணும்னு நெனக்கிறேன். ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி குடுக்கும்போது பொறந்த தேதிய விட்டுட்டு பிஎச்டி முடிச்ச தேதிலேர்ந்து எண்ணுது, அம்மாக்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாசம் கூடுதலாத் தருது. ஃபீல்ட்ஸ் மெடலுக்கும் அப்படியே எண்ணினா லேட்டா ஆரம்பிச்ச கிராமத்துப் பிள்ளைக்கும் அதே ரூல் உதவும்.