மஞ்சளில் நிற்கும் பிள்ளைக்கு அங்கன்வாடியில் என்ன உண்டு?

“எங்க வீட்டுப் பிள்ளைகளே ஒல்லி வாகுதான்.” காரைக்குடி, கல்லல், சாக்கோட்டைப் பக்கம் அப்பத்தாக்கள் அடிக்கடி சொல்வது இது. சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒல்லி வாகா, ஊட்டக்குறைவா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்ப்பதோடு, கைச்சுற்றளவு பார்க்க ஒரு நாடாவும் வைத்திருப்பார்கள். பிள்ளை இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டிருக்க, தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவில் சதை அமுங்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். 6 மாதம் முதல் 5 வயது வரை, 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பச்சை. 11.5-க்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான குறைபாடு. இடைப்பட்டது மஞ்சள்: மிதமான ஊட்டச்சத்துக் குறைபாடு.

சிவப்பு என்றால் வீடே பதறுகிறது. மஞ்சளை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு வாரம் பேதி கண்டால் போதும், மஞ்சள் பிள்ளை சிவப்புக்கு இறங்கிவிடும். அதற்கு முன்பே தேற்றுவதுதான் சுலபம்.

இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 6-இன்படி, ஊட்டக்குறைவான பிள்ளைகளைக் கண்டறிந்து அங்கன்வாடி வழியாக இலவச உணவு தருவது மாநில அரசின் கடமை. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 6 மாதம் முதல் 6 வயது வரையிலான மற்றப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் என்று வகுத்தது. ஊட்டக்குறைவான பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேலே தருவது இது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் கிடையாது. வருமானச் சான்று தேவையில்லை. அதனால் டீச்சரிடம், “எம் பிள்ளை எந்த நிறத்துல இருக்கு, அதுக்குக் கூடுதலா என்ன வரும்?” என்று நேராகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வந்ததுதான்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்கே வரும். 2 வயது தாண்டியவர்களுக்கு மையத்தில் மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று முட்டை. முட்டையாவது பிள்ளை வாய்க்குப் போய்ச் சேருகிறது. மாவுதான் வழிமாறுகிறது: வீட்டில் எல்லோருக்கும் கஞ்சியாகிறது, சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. மனசு பொறுக்கவில்லை. மஞ்சள் பிள்ளைக்கு அந்த மாவு மருந்து மாதிரி. அவன் பங்கு அவனுக்கே போக வேண்டும்.

காய்ச்சும் விதத்திலும் சத்து தப்பிப் போகிறது. தண்ணியாகக் கரைத்தால் வயிறு நிரம்பும், கலோரி சேராது. பிள்ளையின் வயிறு சின்னது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் கிண்டி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள். சுமார் 40 கலோரி அதில் கூடும். நம் செட்டிநாட்டுக் கும்மாயம் தெரியாதவர் உண்டா? உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த அந்தப் பதம்தான் வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கும்மாயத்தையே இடைத்தீனியாக ஓர் உருண்டை கொடுக்கலாம். தாய்ப்பாலை 2 வயது வரை நிறுத்த வேண்டாம்.

கைச்சுற்றளவு 12-க்குக் கீழே இருந்தாலோ, 2 வயது ஆகாவிட்டாலோ, முன்பு ஒருமுறை சிவப்பில் இருந்தாலோ கூடுதல் கவனம் தேவை. கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். இரண்டு காலும் வீங்கியிருந்தால், பிள்ளை எதையும் சாப்பிட மறுத்தால், மாவை நம்பி வீட்டில் இருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

பிரசவத்துக்கோ திருவிழாவுக்கோ பிறந்த வீடு வந்து தங்கியிருந்தால், அந்த ஊர் மையத்திலேயே பதிந்து கேட்கலாம். பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றாலும் தாயின் ஆதார் போதும். மாவு வரவில்லை என்று கைவிரித்தால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உரிய உணவு தராவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படியை, அதாவது உணவுக்கு ஈடான பணத்தைக் கோர, அதே சட்டத்தின் பிரிவு 8 வழி வைத்திருக்கிறது.