அம்மாவைப் பார்க்கிறது ஆர்?

போன வருடம் முதியோர் குழு ஒன்றுக்கு ஒரு சிற்பத்தின் படத்தைக் காட்டினேன். 2018 இல் அம்ஸ்ரடாம் ஒளி விழாவில் வைக்கப்பட்டது. காலி மே லூக்காஸ் என்ற வடிவமைப்பாளரின் யோசனை. ஒரு வாங்கில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். மூவருக்கும் தலை குனிந்திருக்கிறது, கையில் போன். சுற்றிவர இருட்டு. போன் திரையின் வெளிச்சம் மட்டும் மூன்று முகத்திலும் படுகிறது.

"இந்தக் காலத்துப் பிள்ளையள் இப்பிடித்தான்" என்று ஆராவது தொடங்குவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு கதையை நகர்த்தலாம் என்று நினைத்திருந்தேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவையளுக்குக் கதைக்க ஆக்கள் இருக்கினம் போல."

பக்கத்தில் இருந்தவர் அதோடு விடவில்லை. "மூண்டு பேர் ஒரே வாங்கிலயும் இருக்கினம்."

எனக்கு வாயடைத்துப்போனது. கொண்டுபோன குறிப்பை மூடி வைத்துவிட்டேன். பதினான்கு வருடமாக யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்கிறேன். படம் கீறச் சொல்வதும், படம் காட்டிக் கதைக்க வைப்பதும் எங்களுடைய வேலையில் பாதி. ஆனாலும், மேற்கில் செய்த கலை மேற்கின் வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அங்கே ஆட்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள், நடுவில் போன் வந்து குந்திவிட்டது. எங்களுடைய பல வீடுகளில் ஆட்கள் முதலே போய்விட்டார்கள், போன் பிறகுதான் வந்தது. பொருள் தேடி வீட்டை விட்டுப் போவதைப் பழைய தமிழ் இலக்கணம் பொருள்வயிற் பிரிவு என்கிறது; அது சொல்வது தலைவனைத்தான். பிள்ளைகள் ஐந்து பேரும் ஐந்து நாட்டுக்குப் பிரிவதற்கு அதில் துறை கிடையாது.

இந்த இரண்டு தனிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "போனைக் குறையுங்கோ" என்ற ஒரே மருந்தை எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கிறோம். அது சிலருக்குச் சரி. சிலருக்கு அது இருக்கிற ஒரே யன்னலையும் சாத்துகிற வேலை.

ஒன்று சொல்லவேண்டும். எங்களிடம் வருகிற எவரும் "தனிமையாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நித்திரை வருகுதில்லை, நாரி உளையுது, நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது, சாப்பாட்டில மனமில்லை என்றுதான் வருவார்கள். முதலில் வைத்தியரிடம் போய், இரத்தம் சோதித்து, ஈசிஜி எடுத்து, ஒன்றும் இல்லை என்றான பிறகு எங்களிடம் வந்து சேர்வார்கள். தனிமை என்ற சொல் வாய்க்கு வர மூன்று நான்கு சந்திப்பாவது ஆகும். தனியே இருப்பதும் தனித்துப்போவதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனமும் இதை இரண்டாகத்தான் பிரிக்கிறது: பழகுவதற்கு ஆட்கள் குறைவாக இருப்பது ஒன்று; எத்தனை பேர் இருந்தாலும் மனம் தேடுகிற உறவு கிடைக்காத வலி மற்றது. அந்த நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 யூனில் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவருக்கு அந்த வலி இருக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 8,71,000 மரணங்களோடு அது தொடர்புபட்டிருக்கிறது. கூடுதலாகப் பாதிக்கப்படுவது கிழடுகட்டைகள் என்று நினைப்போம். இல்லை, பதின்ம வயதுப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்கு எரிக் பிக்கர்ஸ்கில் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் படங்கள் பொருந்தும். நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரத்துக் கபே ஒன்றில் அவர் இருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். தகப்பனும் இரண்டு மகள்மாரும் ஆளுக்கொரு போனில் மூழ்கியிருக்க, தாய் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தக் காட்சி மனதை விட்டுப் போகாமல், 2014 அளவில் ஒரு படத்தொடரைத் தொடங்கினார். போனோடு இருப்பவர்களை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, போனை மட்டும் கையில் இருந்து எடுத்துவிடுவார். பிறகு படம் எடுப்பார், கறுப்பு வெள்ளையில். ஒரு படத்தில் அவரும் மனைவியும் கட்டிலில் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வெறுங்கையைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள்.

ஏ.எல். பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் குழு ஒன்றில் இதையே பயிற்சியாகச் செய்தோம். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே இருக்கவேண்டும். ஒருவர் வழமைபோல ரிக்ரொக் பார்க்கலாம். நான் பின்னால் வந்து போனை உருவிவிடுவேன், கை அசையக்கூடாது. எதிரில் இருப்பவர் அந்தக் கையை மட்டும் பென்சிலால் கீறவேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பு. பிறகு அடங்கிவிட்டது. கீறி முடித்த தாள்களைச் சுவரில் ஒட்டினோம். பன்னிரண்டு கைகள்: உள்ளங்கை கொஞ்சம் குழிந்து, நான்கு விரலும் சேர்ந்து, பெருவிரல் மட்டும் எழும்பி நின்றது. ஒரு பிள்ளை கிட்டப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மிஸ், இது கோயிலில திருநீறு வாங்கிற கை."

அதற்குப் பிறகுதான் ஒரு தம்பி வாய் திறந்தான். (இங்கே வருகிற கதைகள் பலருடையவை; அடையாளம் தெரியாதபடி சேர்த்தும் மாற்றியும் எழுதியிருக்கிறேன்.) மோட்டச்சைக்கிளில் விழுந்து வலக்கை முறிந்திருக்கிறது. இன்ஸ்ரகிராமில் அவனைப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரத்துக்கு மேலே. ஒழுங்கைக் கரையில் இருந்துகொண்டு இடக்கையால் போனைத் தடவித் தடவி ஆருக்கு எடுக்கலாம் என்று பார்த்தானாம். ஒருவருக்கும் எடுக்கவில்லை. அவ்வழியால் வந்த ஓட்டோக்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனார். "எடுத்திருந்தால் வந்திருப்பாங்கள் மிஸ். ஆனா வராட்டி?" என்றான்.

அந்த "வராட்டி" ஒரு தனிச் சிக்கல். தனிமை நீண்டுபோனால் மூளை காவல்நாய் மாதிரி ஆகிவிடும். ஆர் ஒதுக்குகிறார்கள், ஆர் முகத்தைச் சுழிக்கிறார்கள் என்று எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். ஜோன் காசியோப்போ என்ற அமெரிக்க உளவியலாளர் தன்னுடைய ஆய்வுக்காலத்தின் பெரும்பகுதியை இதற்குத்தான் கொடுத்தார். வட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரியும் விழுந்து பதில் வரவில்லை என்றால், மற்றவன் குளிக்கப் போயிருப்பான் என்று நாங்கள் நினைப்போம். தனித்துப்போனவருக்கு "என்னைத் தவிர்க்கிறான்" என்றுதான் படும். அடுத்த முறை அவரே முதலில் விலகிக்கொள்வார். தனிமை தனிமையைக் குட்டிபோடுவது இப்படித்தான். ஆகவே இப்படிப்பட்ட பிள்ளைக்குப் போனைப் பறித்து வைப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பறித்தவரோடும் கோபித்துக்கொண்டு அறைக்கதவைப் பூட்டும். அந்தத் தம்பியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். கை முறிந்தால் எடுக்கக்கூடிய மூன்று பேரின் பெயரைத் தாளில் எழுதச் சொன்னேன். இரண்டுதான் வந்தது. அந்த இரண்டு பேரோடும் கிழமைக்கு ஒரு நாள் பந்தடிக்கப் போவது என்று முடிவெடுத்தான். போன் அவன் கையில்தான் இருக்கிறது.

இனி மற்றத் தனிமைக்கு, ஆட்கள் போய்விட்ட வீட்டின் தனிமைக்கு, வருகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியரும் ஓவியருமான தா. சனாதனன், போரில் வீட்டை விட்டு இடம்பெயர்ந்தவர்களிடம், இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவில் இருந்து கீறித் தரச் சொன்னார். அந்தப் படங்களும், அவற்றைக் கட்டடக்கலைஞர் முறைப்படி திருப்பிக் கீறிய வரைபடங்களும், அவருடைய ஓவியங்களும் சேர்ந்து 2011 இல் ஒரு கலைநூலாக வந்தன. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் தொடர்ந்த காணிப் பதிவேட்டின் பெயரான தோம்பு என்ற சொல்லைத்தான் அதற்கு வைத்தார். அதற்கும் போனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் வேலைக்கு அது கொடுத்த வழி பெரிது. "வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் இரண்டு வசனத்தில் முடிப்பவர், "வீட்டைக் கீறுங்கோ" என்றால் கிணற்றடித் துலாவில் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருப்பார்.

இழந்த வீட்டை அல்ல, இப்போது இருக்கிற வீட்டைக் கீறுங்கோ என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். எழுபத்தாறு வயது. பிள்ளைகள் அனுப்பிய காசில் கட்டிய மாடிவீடு. கீழே நாலு அறை, மேலே மூன்று. மேல் வீட்டுக்கு ஏறி இரண்டு வருடமாம், முழங்கால் விடாது. அறைகளைக் கீறி முடித்த பிறகு, மூலைகளில் நாலு இடத்தில் சின்ன வட்டம் போட்டார். மின்விளக்கு என்று நினைத்தேன்.

"இது கமரா பிள்ளை. ரொறன்ரோவில இருந்து மகன் பாக்கிறவர்."

படலையடி, முன் விறாந்தை, ஹோல், குசினி வாசல். வெறும் வளவில் கிழவி தனியே கிடக்கிறா, விழுந்து கிழுந்து போனால் என்ன செய்வது என்ற பயத்தில் மகன் பூட்டுவித்தவை. மகனில் பிழை சொல்ல மாட்டேன். நானென்றாலும் பூட்டியிருப்பேன். படத்தில் விறாந்தைக் கதிரையின் மேல் அந்த அம்மா அழுத்தி அழுத்திக் கறுப்படித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். பின்னேரம் ஆறு மணிக்கு முகம் கழுவி, வேறு சீலை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு அந்தக் கதிரையில் வந்து இருப்பாராம். அந்த நேரம் அங்கே விடிந்து, மகன் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். கமராவில் பார்ப்பான். "அவன் பாத்தவனோ இல்லையோ எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? நான் இருக்கிறன்."

எங்கள் தமிழில் பார்ப்பது என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. கண்ணால் காண்பதும் அதுதான், பராமரிப்பதும் அதுதான். "கொம்மாவை ஆர் பாக்கிறது?" என்று ஊரில் கேட்டால், ஆர் சமைத்துக் கொடுக்கிறார்கள், ஆர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றுதான் பொருள். கமரா வந்த பிறகு அந்தக் கேள்விக்கு முதல் பொருளில் மட்டும் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கப் பழகிவிட்டோம்.

லோரன் லீ மக்கார்த்தி என்ற அமெரிக்கக் கலைஞர் 2017 இல் இதே இடத்தில் கை வைத்தார். வீடுகளில் நாம் கதைத்தால் விளக்குப் போடுகிற, பாட்டுப் போடுகிற கருவிகள் இருக்கின்றன அல்லவா? அந்தக் கருவியின் இடத்தில் தன்னையே வைத்துக்கொண்டார். விரும்பி முன்வந்தவர்களின் வீட்டில் கமராவும் ஒலிவாங்கியும் மின்னாளிகளும் பூட்டி, இரவு பகலாகத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்து, அவர்களுக்கு என்ன தேவை என்று ஊகித்துச் செய்துகொடுத்தார். கேட்கும்போது ஒரு கூச்சம் வருகிறது. ஆனால் கவனியுங்கள், அதில் பார்க்கிறவர் பதிலும் செய்கிறார். விளக்கு எரிந்தால் மறுபக்கத்தில் ஆள் இருப்பது தெரியும். எங்கள் அம்மாவின் விறாந்தைக் கமராவில் சிவப்புப் புள்ளி ஒன்று மட்டும் எரிகிறது.

வீடியோ அழைப்பு இதைவிட நல்லது என்பீர்கள். நல்லதுதான், ஒரு அளவுக்கு. நாம் ஜூன் பைக் என்ற கொரியக் கலைஞர் 1974 இல் ஒரு புத்தர் சிலையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வைத்து, பெட்டிக்குப் பின்னால் ஒரு கமராவைச் சிலையின் பக்கம் திருப்பி வைத்தார். புத்தர் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார், முடிவில்லாமல். அடுத்த முறை வட்ஸ்அப்பில் வீட்டுக்கு எடுக்கும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அம்மாவின் முகத்துக்கா, மூலையில் இருக்கிற உங்கள் முகத்துக்கா?

பழைய காலம் பொற்காலம் என்று கதையளக்க எனக்கு விருப்பம் இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோச் செய்தி கேட்டு வளர்ந்தவள் நான். அப்போது எல்லோரும் ஒரே விளக்கைச் சுற்றித்தான் இருந்தோம். வேறு விளக்கு இல்லை, அவ்வளவுதான். வெளிநாட்டுக் கடிதம் மாதக்கணக்கில் வராமல், படலையைப் பார்த்தே கண் பூத்துப்போன தாய்மாரையும் அப்போதுதான் கண்டேன். இன்று மகனின் முகம் திரையில் வருகிறதே, அது சின்ன விசயம் இல்லை.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேலையில் இருந்து ஒன்று. "சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ" என்பது கமரா கேட்கிற கேள்வி. அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள். ஒடியல் கூழுக்குப் புளி எவ்வளவு, தெற்கு வேலியில் நின்ற மாமரம் என்ன இனம், பெரியப்பாவோடு காணிப் பிரச்சினை எப்படி வந்தது. பதில் சொல்லுகிறவருக்குத் தான் தேவைப்படுகிறேன் என்று விளங்கும். அழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் பரவாயில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு: பக்கத்து வளவில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஒரு கறிவேப்பிலை நெட்டு கேட்கிற சாட்டிலாவது படலையைத் திறவுங்கள். சாப்பாடும் நித்திரையும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பினால், "நான் ஆருக்கும் பாரம்தானே" என்ற கதை வந்தால், அதை வயதின் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், எந்நேரமும் எடுக்கலாம்.

அந்த அம்மா போன மாதம் வந்தபோது முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. விறாந்தையில் சீலை காயப்போட்டபோது துவாய் ஒன்று தவறுதலாகக் கமராவில் கொழுவுப்பட்டுவிட்டதாம். பத்து நிமிடம் ஆகவில்லை, ரொறன்ரோவில் இருந்து மகன் பதறிப்போய் எடுத்துவிட்டான். என்னம்மா, ஏதேனும் நடந்ததோ என்று அரை மணித்தியாலம் கதைத்தானாம், சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் இருந்து விழுந்த கதை எல்லாம்.

"தவறுதலாத்தானே அம்மா?" என்று கேட்டேன்.

"முதல் தரம் தவறுதலாத்தான் பிள்ளை" என்றார். "இப்ப வெள்ளிக்கிழமையில மட்டும்."