சர்நேம் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பூர்வீக வீட்டுப் பங்கு விஷயமாக வருவார்கள், மீதியில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு தாளில் பெயர் இடிக்கிறது என்று வருவார்கள். வக்கீல், நோட்டரி இரண்டும் நான்தான். அந்த இரண்டாவது கூட்டத்தில் சில வருஷங்களாக ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது: வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ கல்யாணம் செய்துகொண்டு, ஊருக்கு வந்த கையோடு, "மேடம், சர்நேம் மாத்தித்தான் ஆகணுமா?" என்று கேட்கிறவர்கள்.

ஆகணும் என்று ஒன்றும் இல்லை. கல்யாணத்தால் ஒரு பெண்ணின் பெயர் தானாக மாறிவிடும் என்றோ, அவள் மாற்றியே தீர வேண்டும் என்றோ இந்தியாவில் சட்டம் கிடையாது. இதோடு கட்டுரையை முடித்துவிடலாம்தான், ஆனால் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் போதுவதில்லை, ஏனென்றால் அவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டது சட்டம் இல்லை, மாமியார் வீடோ விசா கவுண்டரோ.

போன ஆவணியில் ஒரு பெண் வந்திருந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. புனேவில் வேலை, மராத்திப் பையன், இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒருவர் பெயருக்கு மூன்று துண்டு உண்டு: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். கல்யாணமானதும் நடுத்துண்டில் அப்பா போய்க் கணவர் வருவார், கடைசித் துண்டில் கணவர் வீட்டுப் பெயர் வரும், சில குடும்பங்களில் தட்டில் அரிசியைப் பரப்பி மருமகளுக்குப் புதுப் பெயரே எழுதிவிடுவார்கள். இந்த அரிசி சங்கதி அம்மாவைத்தான் ரொம்பப் படுத்தியிருந்தது. "பேரையே மாத்துவாகளாம் மேடம், இது எங்க மாமியா பேரு, அவுக பேரை மாத்த இவுக யாரு?" என்றார். பெண் சிரித்தாள். அரிசித் தட்டெல்லாம் வைக்கவில்லையாம், ஆனால் கடைசித் துண்டு மாறும் என்று எதிர்பார்க்கிறார்களாம், அவளுக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை, விருப்பமும் இல்லை.

பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். சர்நேம் என்ற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? அவளுடைய அப்பச்சியின், அதாவது அப்பாவின், பெயர். அது உங்கள் குடும்பப் பெயரா என்று கேட்டதற்கு அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நம் ஆட்களுக்கு விஷயம் குழம்புகிறது. நமக்கு சர்நேம் என்று ஒன்று கிடையாது. இருந்த சாதிப் பட்டத்தையும் பெயருக்குப் பின்னால் போடுவதில்லை என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள், அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அது உதிர்ந்து, தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு முன்னால் ஓர் எழுத்தும் பின்னால் ஒரு பெயரும் மட்டும் மிஞ்சியது. பாஸ்போர்ட் படிவம் சர்நேம் கேட்டதும் அந்த ஓர் எழுத்தை விரித்து அப்பா பெயரை அங்கே எழுதிவிட்டோம். ஆக நம் பெண் ஒருத்தி சர்நேமை மாற்றுகிறாள் என்றால் குடும்பத்தை விட்டுப் போகிறாள் என்று அர்த்தம் இல்லை, ஒரு ஆணின் சொந்தப் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு ஆணின் பெயரையோ அவன் குடும்பத்தின் பட்டத்தையோ வைக்கிறாள், அவ்வளவே. செட்டிநாட்டில் சர்நேமுக்குக் கிட்டத்தட்ட வருகிற சரக்கு ஒன்று இருக்கிறது, விலாசம் என்பார்கள்: கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று எழுத்துகளாகக் கோத்த வால். ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போன காலத்தில் கடைக்கே அதுதான் அடையாளம். ஆனால் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

இது புரியாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன். ஜெர்மனியில் வேலை, மனைவி அந்த ஊர்க்காரி. அவன் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம், பழனியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் ஆசையாகக் கணவனின் சர்நேமை எடுத்துக்கொண்டாள், அவர்கள் நாட்டில் அதுதான் இயல்பு. ஊருக்கு வந்தபோது அப்பத்தா பேரன் மனைவியின் பெயரைக் கேட்டிருக்கிறார், அவள் தெளிவாகத் தமிழில், "நான் ஹன்னா பழனியப்பன்" என்று சொல்ல, அப்பத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழனியப்பன் என் மகன்ல, இவ என் பேராண்டி பொண்டாட்டியில்ல?" என்று கேட்டிருக்கிறார். வீடே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பையன் பிறந்தான். தலைப்பிள்ளைக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயர் வைப்பது நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வழக்கம், இப்போது அப்படி வைத்தால் அவன் பழனியப்பன் பழனியப்பன். கடைசியில் காகிதத்தில் வேறு பெயர் வைத்து, வீட்டுக்குள் மட்டும் ஐயா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

சரி, தாள்களுக்கு வருவோம். மாற்றத்தான் போகிறேன் என்றால் மாற்றுகிற வரிசையும் கணக்கும் தெரிய வேண்டும். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் திருத்தலாம், ஒன்றை ஏற்கெனவே எழுத்துப் பிழைக்குச் செலவழித்திருப்பவர்கள் நிறைய. பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து சர்நேமின் முதல் எழுத்து, பெயரை மாற்றினாலும் எண் மாறாது, ஆகவே பழைய அப்பா அந்த எண்ணுக்குள் சாகும்வரை உட்கார்ந்திருப்பார் (எனக்கு இது பிடிக்கும்). பத்தாம் வகுப்பு, கல்லூரிச் சான்றிதழ்களைக் கல்யாணத்துக்காக யாரும் திருத்தித் தரப்போவதில்லை. சாதிச் சான்றிதழ் பிறப்பை வைத்து வருவது, கல்யாணம் அதை மாற்றாது, கணவர் வீட்டுப் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் சாதி வந்துவிடாது, ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு தாளில் இரண்டு பெயர் இருக்கிறதே என்ற கேள்வி கண்டிப்பாக வரும். ஆக, முழுசாக மாற்றினேன் என்று சொல்கிறவர்களுக்கும் பாதி வாழ்க்கை பழைய பெயரில்தான் கிடக்கும், இரண்டையும் இணைக்கிற தாள் திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 24.11.2009-க்குப் பிறகு நடக்கிற எல்லாத் திருமணங்களையும், எந்த மதமானாலும், 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம், அபராதத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள். கோயிலில் கொடுத்த ரசீதைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாதது ஒன்று: பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பது வேறு, உங்கள் பெயரை மாற்றுவது வேறு. உங்கள் பெயரும் சர்நேமும் அப்படியே இருக்க, துணைவர் பெயர் என்ற இடத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். திருமணமானவர்கள் திருமணச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2016 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இது மட்டும்தான், "சார்பு விசாவுக்குக் கணவர் பெயர் இருக்கணும்னாங்க" என்று யாரோ சொன்னதை சர்நேமை மாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டு வந்திருப்பார்கள்.

சர்நேம் கட்டம் காலியாகக் கிடக்கிறவர்களுக்கு வேறு தலைவலி. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வந்தால் விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது, அப்புறம் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். துபாய்க்கும் அபுதாபிக்கும் போகிற குடும்பங்கள் இந்த ஜில்லாவில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த மாதம் என் வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. அப்படிக் கட்டத்தை நிரப்பத்தான் போகிறோம் என்றால், கல்யாணத்தை ஒட்டியே, யார் பெயர் என்று யோசித்து ஒரே தடவையாக நிரப்புங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எங்கள் ஊருக்கே உரியது, நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்பது அபூர்வம், பங்காளிகள் பத்துப் பேர், அவர்கள் வாரிசுகள் இருபது பேர். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே வந்தது, அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும் என்று. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. ஆகவே முன்பு பத்திரத்தில் தேவைப்படாத மகளின் கையெழுத்து இப்போது தேவை. ஒரு பாகப்பிரிவினையில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா ஒருவர். உயிலில் அவர் பெயர் அப்பா இனிஷியலோடு, 'மகள்' என்று. அவர் இப்போது கணவரின் ஆங்கில சர்நேமோடு, சொந்தப் பெயரையும் அந்த ஊர் நாக்குக்குத் தோதாகப் பாதியாக வெட்டி வைத்திருக்கிறார். அங்கிருந்து அனுப்பிய பவர் பத்திரத்தில் இருப்பவரும் உயிலில் இருப்பவரும் ஒரே ஆள் என்று காட்ட ஒரு தாள்கூடக் கையில் இல்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், பெயரைச் சரிசெய்ய அலைந்ததில் அந்தக் கெடு தாண்டி, திரும்ப முதலில் இருந்து. மற்ற பங்காளிகள் அந்த அக்காவைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரே ஒரு 'என்கிற' போதும், பத்திரத்தில் இந்தப் பெயர் என்கிற இந்தப் பெயர் என்று போட்டு, பின்னால் திருமணச் சான்றிதழும் பிரமாணப் பத்திரமும் இருந்தால் எந்தச் சார்பதிவாளரும் கையெழுத்துப் போடுவார். பெயர் மாற்றுகிற அன்றைக்கே அந்தத் தாள்களைச் சேர்த்து எடுத்து, ஒரு நகலை ஊரில் அண்ணனிடமோ அம்மாவிடமோ கொடுத்துவையுங்கள்.

வெளிநாட்டுத் துணைக்கு நம் வழக்கம் பொருந்தாது, அவர்கள் பெயர் அவர்கள் நாட்டுச் சட்டப்படி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் மனைவி பிறந்த பெயரில்தான் இருக்க வேண்டும், கணவர் பெயரைக் கல்யாணத்தை வைத்து எடுக்கவே முடியாது. ஜப்பானில் இரண்டு ஜப்பானியர் கட்டிக்கொண்டால் ஒரே குடும்பப் பெயர் கட்டாயம், வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டால் தனித்தனியாகவே இருக்கலாம், துணையின் பெயரை எடுப்பதானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். மலேசியத் தமிழர்களிடம் இந்தப் பேச்சே இல்லை, 'இன்னாரின் மகள்' என்று அடையாள அட்டையிலேயே இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகும் மகள்தான்.

என் கருத்தைக் கேட்டால், குறிப்பிட்ட ஒரு காரணம் வரும்வரை மாற்றாதீர்கள் என்பேன். அந்த நாட்டிலேயே குடியேறப் போகிறோம், பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே பெயர் இல்லையென்றால் விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள் என்பது காரணம். எனக்கே அவர் பெயர் வேண்டும் என்று ஆசை, அதுவும் காரணம், அதைக் கிண்டல் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. 'அவங்க சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க' என்பது காரணம் இல்லை. மருமகளாக ஏற்றுக்கொள்வதும் கல்யாணமான தம்பதியைக் கோயிலில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிற கணக்கும் பாஸ்போர்ட் ஆபீசில் நடக்கிற காரியங்கள் அல்ல, சர்நேமைச் செட்டியார் என்று போட்டுக்கொண்டால் வீட்டுக்குள் விடுவார்களா என்று ஒரு பஞ்சாபிப் பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள், அவளுக்கு நான் கட்டணம் வாங்கவில்லை. என் அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம், ரேஷன் கார்டிலிருந்து ஆதார் வரை எல்லாவற்றிலும் அப்பா பெயர், ஆனால் சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பாத்திரக்கடைக்காரர் வெட்டிய எழுத்து தாத்தாவுடையது, அதை யாரும் அபிடவிட் கேட்டதில்லை.

புனேப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லி, துணைவர் பெயரை மட்டும் சேர்க்க ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து போன்.

"மேடம், மாத்தலை. அத்தைகிட்ட நானே சொல்லிட்டேன், ரெண்டு நாள் பேசலை, அப்புறம் சரியாயிருச்சு. வாசல் பலகைல எல்லார் பேரோடயும் என் பேரையும் அப்பச்சி பேரையும் சேர்த்து எழுதி மாட்டிட்டாங்க."

நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான் மேடம். அப்பச்சி பேர்ல ஒரு 'ப' விட்டுருச்சு. அதுக்கும் பிரமாணப் பத்திரம் போடணுமா?"