வாரம் ஒரு நாள் இஷ்டப்படி சாப்பிடலாமா?

எடை குறைப்பதற்கான உணவு முறையை விளக்கி முடித்ததும், அதுவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் தயக்கத்தோடு ஆரம்பிப்பார்: "மேடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஷ்டப்படி சாப்பிட்டுக்கொள்ளலாமா?" மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜிம்மில் பயிற்சியாளர் சொல்லியிருப்பார், அல்லது யூடியூபில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆறு நாள் கட்டுப்பாடு, ஏழாம் நாள் 'சீட் டே', அன்றைக்கு எதையும் எவ்வளவும் சாப்பிடலாம், சாப்பிட்டால்தான் உடம்பு வேகமாகக் கொழுப்பை எரிக்கும் என்று.

வாரத்தில் ஒரு வேளை பிடித்ததைச் சாப்பிடுங்கள், நாள் முழுவதும் வேண்டாம் என்பதுதான் என் பதில். கேட்பவர்களுக்கு இது கறாராகப் படுகிறது. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் மனம் இறங்கி வருகிறார்கள்.

துணிக்கடை நடத்தும் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். முதலில் கொஞ்சம் குறைந்த எடை, பிறகு மூன்று மாதமாக அப்படியே நின்றுவிட்டது. தைராய்டு பரிசோதனையில் கோளாறு ஏதும் இல்லை. சாப்பிட்டதை எழுதி வரச் சொன்னேன். திங்கள் முதல் சனி வரை அத்தனை ஒழுங்கு. எத்தனை இட்லி, சோறு எத்தனை கரண்டி, டீயில் சர்க்கரை உண்டா இல்லையா, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மட்டும் 'லீவு' என்று ஒரே ஒரு சொல். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தையும் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னேன்.

காலையில் ஒரு தட்டு வெண்பொங்கல், இரண்டு வடை. மதியம் ஒன்றரைத் தட்டு மட்டன் பிரியாணி, சிக்கன் 65. மாலையில் ஒரு ஜிகர்தண்டா, இரண்டு பஜ்ஜி. இரவு நான்கு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். அதன் பிறகு குளிர்பானமும் ஐஸ்கிரீமும். நம் ஊரில் விடுமுறை நாளில் நன்றாகச் சாப்பிடும் எவரும் சாதாரணமாகச் சாப்பிடுவதுதான் இது.

எண்ணெய், நெய், அளவு ஆகியவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் தோராயமாகக் கூட்டினால் அந்த ஒரு நாள் 4,800 கலோரியைத் தொடுகிறது. அவர் உடலுக்கும் வேலைக்கும் ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2,200. மற்ற ஆறு நாளும் 1,700 அளவில் சாப்பிட்டு, நாளொன்றுக்கு 500 வீதம் 3,000 கலோரி மிச்சம் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2,600 கூடுதல். ஆக, வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு மிஞ்சியது 400 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியென்றால் வாரத்துக்கு 50 கிராம்தான் குறையும். அதை எந்த எடை இயந்திரம் காட்டும்? வியாபாரி என்பதால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆறு நாள் லாபத்தை ஏழாம் நாள் கல்லாவிலிருந்து எடுத்துச் செலவழித்த கணக்குதான் இது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அவர் பிரியாணியை விட வேண்டியதே இல்லை. காலையில் வழக்கமான இட்லி, மதியம் ஒரு தட்டு பிரியாணியும் சிக்கன் 65-உம், மாலையில் சர்க்கரை இல்லாத டீ, இரவு இரண்டு தோசையும் சட்னியும் என்று அதே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்திருந்தால் 2,000 கலோரிக்குள் முடிந்திருக்கும். அவர் தேவையைவிட அது குறைவு. வீட்டாரோடு உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டது மதியச் சாப்பாடு ஒன்றுதான். பஜ்ஜியும் குளிர்பானமும் 'இன்றைக்குத்தானே' என்ற நினைப்பில் உள்ளே போனவை. எதைச் சாப்பிட்டாலும் கணக்கில் வராது என்று ஒரு நாளுக்குப் பெயர் வைத்துவிட்டால், ஆசைப்படாததையும் கை எடுத்து வாயில் போட்டுவிடும்.

திங்கட்கிழமை காலை எடை பார்ப்பதும் ஒரு தொல்லை. விருந்துக்கு மறுநாள் இயந்திரத்தில் ஏறி நின்றால் ஒன்றோ இரண்டோ கிலோ கூடியிருக்கும். அத்தனையும் கொழுப்பு அல்ல. சோறு, மாவு, இனிப்பு ஆகியவற்றிலிருந்து வரும் மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். ஹோட்டல் உணவின் உப்பும் தண்ணீரைத் தேக்கும். இரண்டு மூன்று நாளில் அந்தத் தண்ணீர் வெளியேறியதும் எடை சட்டென்று இறங்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர், "சீட் டே எடுத்தேன், இரண்டு கிலோ குறைந்தது" என்று உறுதியாக நம்புகிறார்கள். ஏறியதும் தண்ணீர், இறங்கியதும் தண்ணீர். வாரத்துக்கு ஒரு முறைதான் எடை பார்ப்பீர்கள் என்றால் வியாழனோ வெள்ளியோ, காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள்.

விருந்து சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம் தூண்டப்படும் என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் அது மிகவும் மெலிந்த அடிப்படை. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் 1994-இல் கண்டறிந்தார்கள். 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குத் தெரிவிக்கும் ஹார்மோன் அது. உணவைக் குறைத்தால் லெப்டின் குறையும், பசி கூடும். அதிகமாகச் சாப்பிட்டால் லெப்டின் ஏறும். இதுவரை சரி. ஆரோக்கியமான பெண்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து 40 சதவீதம் கூடுதலாக மாவுச்சத்து உணவு கொடுத்து அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. லெப்டின் 28 சதவீதம் உயர்ந்தது. உடல் செலவழித்த சக்தி எவ்வளவு கூடியது தெரியுமா? 7 சதவீதம். 40 வரவு வைத்து 7 செலவழித்தால் மீதி எங்கே போகும்?

கொஞ்சம் படித்தவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைச் சொல்லி வாதிடுவதுண்டு. டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல் பருமன் கொண்ட 51 ஆண்களிடம் செய்தது. இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு, இரண்டு வாரம் இடைவெளி என்று மாறி மாறி இருந்தவர்களுக்கு, தொடர்ந்து கட்டுப்பாட்டில் இருந்தவர்களைவிட அதிக எடை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் அவர்கள் விருந்து சாப்பிடவில்லை. உடலுக்கு அன்றாடம் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், அளந்து கொடுக்கப்பட்டது. அந்த ஆய்வைக் காட்டிப் பரோட்டாவுக்கு அனுமதி வாங்க முடியாது. நெடுநாள் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து களைத்துப்போனவர்களுக்கு இந்த மாதிரி இடைவெளியை நானே பரிந்துரைப்பதுண்டு.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் நாள் எதைச் சாப்பிடலாம் என்று கேட்பவரிடம், மற்ற ஆறு நாளும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பல நேரங்களில் அங்கேதான் கோளாறு இருக்கிறது. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும், மாலையில் கிரீன் டீ, இரவு நான்கு துண்டு பப்பாளி. இணையத்தில் பார்த்த பட்டியலை அப்படியே பிடித்துக்கொண்டு 800, 900 கலோரியில் நாளை ஓட்டுகிறார்கள். பருப்பு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. சனிக்கிழமை இரவுக்குள் பசி மூளைக்கு ஏறிவிடுகிறது. மன உறுதி இல்லாததால் வரும் தடுமாற்றம் அல்ல இது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், ஆரோக்கியமான இளைஞர்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுக்கப்பட்டது. நிறைய நடக்கவும் வேண்டியிருந்தது. நாள் போகப் போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு சிந்தனை இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்கள்கூட இருந்தார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார்கள். அந்தச் சோதனையில் கொடுத்ததைவிடக் குறைவான உணவைத்தான் நம் பிள்ளைகள் 'டயட்' என்று நினைத்து இருந்து பார்க்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்திருந்தாள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பசியே இல்லாத நேரத்திலும், ஒரு பெட்டி இனிப்பையும் இரண்டு பாக்கெட் சிப்ஸையும் வேக வேகமாகச் சாப்பிட்டு முடிக்கிறாள். பிறகு அழுகை. அதற்குப் பரிகாரமாகத் திங்கட்கிழமை முழுப் பட்டினி. அடுத்த ஞாயிறு திரும்பவும் அதே கதை. இது வெறும் ஆசைத் தீனி அல்ல. கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறு, 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். இதன் கூடவே பட்டினியோ வாந்தி எடுப்பதோ சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் தீவிரம். இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் 'சீட் டே' என்ற யோசனையையே யாரும் சொல்லக் கூடாது. அவர்களுக்கு முதல் தேவை மனநல மருத்துவர். கூடவே மூன்று வேளையும் ஒழுங்கான சாப்பாடு. எடை குறைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர் தயவு செய்து, "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று திட்டாதீர்கள்.

உடலில் ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கும் விருந்து நாள் விஷயத்தில் வேறு கணக்கு. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சிலர், மதியம் கறி விருந்து இருக்கிறது என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள். பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, மண்டபத்திலேயே மயங்கிச் சரிகிற அபாயம் அதில் இருக்கிறது. வேறு சிலர் இனிப்பு சாப்பிட்டதற்கு ஈடாக மாத்திரையைத் தாமாகவே இரட்டிப்பாக்குகிறார்கள். இரண்டும் ஆபத்து. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, கொழுப்பு நிறைந்த சாப்பாடும் மதுவும் ஒன்று சேர்ந்தால் கணையம் வீங்கி உயிருக்கே உலை வைக்கலாம். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பை ஏற்றிக்கொண்டால் அன்று இரவே கால் வீங்கலாம், மூச்சு முட்டலாம். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும் என்பதால் எண்ணெய்ச் சாப்பாடு வாந்தியில் முடியலாம். இவர்கள் எல்லோரும் தங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கல்கள் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வேளையை எப்படி அமைப்பது? முன்னதாகவே முடிவு செய்யுங்கள். எந்த வேளை, என்ன உணவு, யாரோடு என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காகக் காலையில் பட்டினி கிடக்காதீர்கள், இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போனால் பந்தியில் நிதானம் இருக்கும். மது அருந்துபவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி, கொழுப்புக்கு 9 என்பதால் கிட்டத்தட்ட எண்ணெய்க்குச் சமம். தொட்டுக்கொள்ள வரும் வறுவல் தனி. கல்யாண விருந்தா, இலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ருசி பாருங்கள். பாயசத்தை இரண்டாம் முறை வாங்க வேண்டாம். தீபாவளி என்றால் அன்றைய இனிப்பு அன்றைக்கு. எடை குறைப்பவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு நாள் அல்ல, பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பலகாரப் பெட்டிகள் தீரும் வரை தொடரும் அடுத்த பத்து நாட்கள்தான்.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பையும் வறுவலையும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது, சட்டியில் ஒட்டியதைப் பிரட்டிச் சாப்பிடுவதும், மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இரவுக்கும் திங்கட்கிழமை காலை இட்லிக்கும் ஊற்றிக்கொள்வதும் நம் வீடுகளில் பெரும்பாலும் நீங்கள்தான். உங்களுடைய ஒரு நாள் விருந்து ஒன்றரை நாளாக நீள்வது இப்படித்தான். நான்கு பேர் வீட்டுக்கு அரைக் கிலோ கறி போதும். ஒரு கிலோ வாங்கும் வழக்கம் இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். கறியைக் கொழுப்பு நீக்கி வெட்டச் சொல்லுங்கள், தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். முக்கியமாக, மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, சூடாக இருக்கும்போதே நீங்களும் சாப்பிடுங்கள்.