பவர் கூட்டிய காரும் பழைய பாலிசியும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்க்கிறேன். அடிபட்ட வண்டியைப் பார்த்து, சேதம் எவ்வளவு, அது எப்படி நேர்ந்தது, பாலிசி நிபந்தனை ஏதும் மீறப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்துக்கு அறிக்கை கொடுப்பது என் தொழில். பணம் தரலாமா, கூடாதா என்று தீர்மானிப்பது நிறுவனம்தான். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று திட்டு வாங்குவது மட்டும் நான்.

அண்மைக் காலமாக இந்தத் திட்டுகளில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. என்ஜின் திறனைக் கூட்டிக்கொண்ட கார்களின் சொந்தக்காரர்களிடமிருந்து வருவது அது. ஓசூரில் வேலை, கையில் நல்ல சம்பளம், பக்கத்திலேயே பெங்களூரு. அங்கே டியூனிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் வண்டியை விட்டால் மாலையில் 100 குதிரைத்திறன் டீசல் கார் 130 ஆகித் திரும்பி வருகிறது. செய்வது பெரிய இரும்பு வேலையும் இல்லை. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், எப்போது பீய்ச்ச வேண்டும், என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்ற கணக்குகள் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கணக்குகளை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது.

தெரியாது என்பதால்தான் இன்சூரன்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிரீமியம் ரசீதைப் பார்த்தால் அந்த நினைப்பு இன்னும் உறுதிப்படும். நம் வண்டியால் பிறருக்கு ஆகும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், என்ஜினின் கொள்ளளவான சி.சி. கணக்கில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். ரீமேப்பால் குதிரைத்திறன் எவ்வளவு ஏறினாலும் சி.சி. மாறாது, அந்தத் தொகையும் மாறாது. ஆனால் நம் சொந்த வண்டியின் சேதத்துக்கு வாங்கும் காப்பு அப்படிப்பட்டதல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட காருக்கு, அதன் பிரேக், கிளட்ச், என்ஜின் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கின்றன என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. என்ஜினை மட்டும் முப்பது சதவீதம் முறுக்கிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டால், நிறுவனம் கணக்குப் போட்ட கார் இப்போது சாலையில் இல்லை.

சட்டம் இதைவிடக் கறாரானது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் வடிவமைப்பை மீறி மாற்றம் செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகைக்குழாயில் உள்ள வடிகட்டியையோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ எடுத்துவிட்டால் மாசு விதிகளை மீறிய குற்றமும் சேரும்.

இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் தம்பிகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், வெளிநாட்டில் மாற்றத்தைச் சொல்லிவிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டினால் போதுமாம். இங்கே ஏன் அப்படி இல்லை?" பிரிட்டனைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. அங்கே மாற்றியமைத்த கார்களுக்கென்றே பாலிசி விற்கும் நிறுவனங்கள் உண்டு. வாடிக்கையாளர் கவனக்குறைவாக ஒரு விவரத்தைத் தவறாகச் சொல்லியிருந்தால், அதற்கேற்ற விகிதத்தில் இழப்பீட்டைக் குறைத்துக் கொடுக்க 2012 ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்கிறது. நம் ஊரில் கதவு வேறு இடத்தில் பூட்டியிருக்கிறது. திறன் கூட்டியதை நிறுவனத்துக்கு எழுதினால், "ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து ஆர்.சி.யைக் கொண்டு வாருங்கள்" என்று பதில் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ரீமேப்பைப் பதிந்து தர மாட்டார்கள். ஆகவே எவ்வளவு பிரீமியம் கட்டத் தயாராக இருந்தாலும், பவர் கூட்டிய காருக்கு முழு நிம்மதி தரும் பாலிசி இங்கே கிடைப்பதில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏஜெண்டுகள் சொல்ல மாட்டார்கள். "எதையும் எழுத வேண்டாம் சார், அப்படியே புதுப்பித்து விடலாம்" என்பதுதான் அவர்கள் வழக்கமான அறிவுரை. கிளெய்ம் வரும் நாளில் அந்த அறிவுரைக்கு ரசீது இருக்காது.

பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவரின் வண்டியைச் சொல்கிறேன். டீசல் கார், ரீமேப் செய்தது, புகைக்குழாயும் மாற்றியது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரியின் பின்புறம் மோதியிருந்தார். அந்தக் கணவாயை அறிந்தவர்களுக்குத் தெரியும், இறங்க இறங்க பிரேக் சூடேறும், எதிர்பாராத இடத்தில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். மதிப்பீடு மூன்று லட்சத்தைத் தாண்டியது. பானட்டுக்குள் தொழிற்சாலைக் காற்றுக் குழாய்க்குப் பதிலாகப் பளபளப்பான வேறொன்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஈ.சி.யு.வின் மென்பொருள் விவரத்தை எடுத்துத் தரும்படி கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிடம் கேட்டேன். அதில் உள்ள கேலிப்ரேஷன் எண், அதாவது அந்தக் கணக்குகளின் பதிப்பைக் காட்டும் எண், தயாரிப்பாளரின் எண்ணோடு பொருந்தவில்லை. பார்த்ததை எழுதினேன். பாலிசி எடுக்கும்போது முக்கியமான விவரத்தை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் கிளெய்மை நிராகரித்தது. அவருடைய அப்பா என்னைத் தேடி வந்து, "வருடா வருடம் பையன் பணம் கட்டியிருக்கிறானே சார், அதை மட்டும் எப்படி வாங்கிக்கொண்டார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது வண்டியை யாரும் நேரில் பார்ப்பதில்லை, நாலு கட்டங்களில் டிக் போட்டால் பாலிசி வந்துவிடுகிறது. பணம் வாங்கும்போது பார்க்காத கண்கள் கொடுக்கும்போதுதான் திறக்கின்றன என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கட்டங்களுக்குக் கீழே, நான் கொடுத்த விவரங்கள் உண்மையானவை என்ற உறுதிமொழி இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டவர் அவர் மகன்.

லாரிக்காரருக்கு அன்று காயமில்லை. இருந்திருந்தால் கதை வேறு. மூன்றாம் நபருக்கு ஆகும் இழப்பீட்டில் பாதிக்கப்பட்டவரைக் கைவிட நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை. முதலில் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது வழக்கம். அந்த வசூலுக்கு நிறுவனம் தனி வழக்குப் போட வேண்டியதில்லை, விபத்து வழக்கை விசாரித்த அதே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டால் போதும். அடிபட்டவர் குடும்பத்துக்கு இருபது, முப்பது லட்சம் என்று தீர்ப்பாகி, அது உரிமையாளர் தலையில் விழுந்தால் மாந்தோப்பு இருப்பவருக்கு மாந்தோப்பு போகும். இளைஞர்கள் தங்கள் வண்டியின் சேதத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்குப் பயம் இந்தப் பக்கத்தில்தான்.

என்ஜினே போய்விட்டால்? பிஸ்டன் உருகியது, டர்போ உடைந்தது, கிளட்ச் தேய்ந்தது என்று வருபவர்களிடம் நீண்ட பேச்சே தேவையில்லை. மாற்றம் செய்யாத காராக இருந்தாலும் இயந்திரக் கோளாறு பாலிசியில் சேராது. என்ஜின் பாதுகாப்பு என்று கூடுதலாக வாங்கும் காப்பும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததாலோ எண்ணெய் ஒழுகியதாலோ வரும் சேதத்துக்குத்தான். தயாரிப்பாளரின் வாரண்டியையும் எதிர்பார்க்க முடியாது. மாற்றத்துக்குச் செலவழித்த பணமும் பாலிசிக்குள் வராது. வண்டியின் காப்பு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து ஆண்டுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துப் போடப்படுவது. ஒன்றரை லட்சம் போட்டுப் பொருத்திய டர்போ அதில் ஒரு ரூபாயைக்கூட ஏற்றாது. பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தயம், வேகச் சோதனை இரண்டும் தனியார் கார் பாலிசியில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டவை.

எல்லா என்ஜின் மாற்றமும் தடை என்று நினைத்துவிட வேண்டாம். எரிவாயுவில் ஓட்டுவதற்கான சி.என்.ஜி. கிட் பொருத்துவதும் என்ஜினைத் தொடும் மாற்றம்தான், அதற்கு முறையான பாதை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட்டை அனுமதி பெற்ற கடையில் பொருத்த வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் எரிபொருள் விவரத்தை மாற்ற வேண்டும். பிறகு அந்த ஆர்.சி.யோடு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, கிட்டின் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். கிட் மதிப்பில் நான்கு சதவீதம் என்பது பழைய கட்டண முறையின் கணக்கு, இன்றும் பல நிறுவனங்கள் அதையொட்டியே வாங்குகின்றன. முப்பதாயிரம் ரூபாய் கிட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு. இதைச் சேமிக்கப் பார்த்துக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆர்.சி.யில் சி.என்.ஜி. இருக்கும், பாலிசியில் பெட்ரோல் மட்டும் இருக்கும். வண்டி தீப்பிடித்தால் அந்த முரண்பாடுதான் முதல் கேள்வியாக வரும். பழுதான என்ஜினுக்குப் பதில் வேறொரு என்ஜினை இறக்குபவர்களுக்கும் இதே வழிதான். முன்அனுமதி, அதே வகை என்ஜின், ஆர்.சி.யில் புது எண். என்ஜின் எண் பொருந்தாத வண்டிக்கு நான் எவ்வளவு இரக்கப்பட்டாலும் அறிக்கையை மாற்றி எழுத முடியாது.

ஏற்கெனவே ரீமேப் செய்துவிட்டவர்கள் என்ன செய்வது? பழைய நிலைக்குத் திரும்புவதுதான் என் பதில். நேர்மையான டியூனிங் கடை மாற்றும் முன் தொழிற்சாலை மென்பொருளைப் பிரதி எடுத்து வைத்திருக்கும், அதைக் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். கழற்றிய குழாய்களையும் வடிகட்டிகளையும் திரும்பப் பொருத்தி, செய்த வேலைக்குத் தேதியோடு பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலாய் சக்கரம், மியூசிக் சிஸ்டம் போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு கிடையாது. அளவு விதிக்குள் இருந்தால் மதிப்பைச் சொல்லிப் பாலிசியில் சேர்த்துவிட்டால் போதும்.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டுவிட்டால் உடனே ஓய்ந்து உட்கார வேண்டியதில்லை. சேதத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். வீட்டு வாசலில் நின்ற காரின் மேல் மரம் விழுந்தால் ரீமேப் அதற்குக் காரணமில்லை. கார் திருடுபோனாலும் அப்படித்தான். நிபந்தனை மீறல் இருந்தும் 75 சதவீதம் வரை இழப்பீடு தரலாம் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2008 இலும் 2010 இலும் வந்த வழக்குகளில் எடுத்திருக்கிறது. இரண்டும் தனிப்பட்ட காரை வாடகைக்கு விட்ட வழக்குகள். மாற்றியமைத்த கார்களுக்கு அவை அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் வாதத்துக்குப் பிடிமானம் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். பதில் திருப்தியாக இல்லை என்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

கர்நாடகப் பதிவெண் கொண்ட பழைய கார்களை வாங்குபவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். முன்னாள் உரிமையாளர் ரீமேப் செய்திருந்தால் வாங்குபவருக்கு அது தெரியவே தெரியாது, விபத்து நடந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிப்பதும் எளிதல்ல. விலை பேசும்போதே கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு ஸ்கேன் எடுத்து, மென்பொருள் தயாரிப்பாளருடையதுதானா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி. எப்போது பெயர் மாறினாலும் சரி, வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். அந்தக் கடிதத்தோடு ஸ்கேன் அறிக்கையின் நகலையும் இணைத்தால், வண்டி எந்த நிலையில் உங்கள் கைக்கு வந்தது என்பது அவர்கள் கோப்பிலேயே பதிவாகிவிடும்.