ஆட்டிறைச்சிக் குழம்பும் தங்கத் துணிக்கையும்

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் காவலாளியாக இருக்கும் 52 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு என்று வேலைத்தலத்தில் மலப் பரிசோதனைக் குப்பி தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிட்டேன். ஆட்டின் இரத்தத்தை என்னுடையது என்று காட்டிவிடாதா?”

இது மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் பரிசோதனை. பழைய வகை ஆட்டின் இரத்தத்தையும் காட்டிவிடும். அதில் பயன்பட்டது குவாயாக் என்ற மரத்தின் பிசின். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் பகுதி, பெரொக்சைட்டுடன் சேர்ந்து அந்தப் பிசினை நீலமாக்கும். ஹீமுக்கு ஆடென்றும் ஆளென்றும் பேதமில்லை. முள்ளங்கியில் உள்ள நொதியம்கூட நீலம் காட்டி ஏமாற்றும்.

உங்களிடம் தந்திருப்பது புதிய வகையாக இருந்தால், அது ஹீமைத் தேடுவதில்லை. அதைச் சூழ்ந்திருக்கும் குளோபின் புரதத்தைத் தேடுகிறது. மனிதக் குளோபினை மட்டுமே பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்களை நுண்ணிய தங்கத் துணிக்கைகளில் ஒட்டி வைத்திருப்பார்கள். இவ்வளவு சிறிய தங்கம் மஞ்சளாக இராது, சிவப்பாகத் தெரியும். குளோபினைப் பிடித்த துணிக்கைகள் பரிசோதனைப் பட்டியில் ஊர்ந்து சென்று ஒரு கோட்டில் சிக்கும், கோடு சிவக்கும். கொரோனாக் காலத்தில் வீட்டில் பார்த்த அதே வித்தைதான். ஆய்வுகூட இயந்திரங்களில் துணிக்கை வேறாக இருக்கலாம், தத்துவம் ஒன்று.

என்னை மயக்குவது இனித்தான் வருகிறது. வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் இரத்தமும் மலத்தில்தானே சேரும்? சேரும். ஆனால் வழியில் செரிமான நொதியங்களான பெப்சினும் டிரிப்சினும் குளோபினைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். முகம் சிதைந்த புரதத்தைப் பிறபொருளெதிரி அடையாளம் காணாது. பெருங்குடலில் கசியும் இரத்தமோ அந்தக் கத்திரிகளையெல்லாம் தாண்டிய இடத்தில் கலக்கிறது. ஆகவே முழுதாக வந்து சேரும் குளோபின், தான் புறப்பட்ட ஊரையும் சொல்லிவிடுகிறது. கருவி செய்தவர் சேர்க்காத வடிகட்டி ஒன்றை நம் குடலே இலவசமாகத் தருகிறது!

கோடு சிவந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. பலருக்கு அது மூலமாகவோ குடற்சுவரில் வளரும் சிறு முளையாகவோ இருக்கும். முளை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுக்கும். அதற்குள் குடல் உள்நோக்கியால், அதாவது குடலுக்குள் செலுத்தும் கமராக் குழாயால், அகற்றிவிடலாம். முளை தினமும் கசிவதில்லை என்பதால் ஒருமுறை கோடு வராவிட்டாலும் ஓரிரு ஆண்டுக்கொருமுறை திரும்பச் செய்ய வேண்டும். கண்ணுக்கே இரத்தம் தெரிந்தால் குப்பிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். “உடம்புச் சூடு, இளநீர் குடி” என்பார்கள். இளநீரைக் குடித்துவிட்டே போங்கள்.

இங்கே எனக்கொரு கோபமும் உண்டு. கோடு சிவந்தால் செய்ய வேண்டிய உள்நோக்கிப் பரிசோதனைக்கு முதல்நாளே பேதி மருந்து குடித்துக் கழிவறையோடு கிடக்க வேண்டும். ஆக இரண்டு நாள் லீவு. வருகைக் கொடுப்பனவும் போய்விடும். முல்லைத்தீவுக்காரர் யாழ்ப்பாணம் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பஸ் பயணம். அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பு. காவலாளிக்கு அரிசிக் காசு. சம்பளத்தோடு லீவு தராமல் குப்பி மட்டும் தருவது பாதி வேலை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்கள். சிகிச்சைக்கு இரங்கும் மனம், நோய் வருமுன் பார்ப்பதற்குப் பணம் கேட்டால் ஏனோ அசைவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிறைச்சி இந்தப் புதிய பரிசோதனையை ஏமாற்றாது. வன்னி வெயில் ஏமாற்றும். சூட்டில் குளோபின் குப்பிக்குள்ளேயே சிதையும், இருக்கும் இரத்தமும் இல்லையென்றாகும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் குப்பியை வைத்துவிட்டுக் கடமைக்குப் போகாதீர்கள். எடுத்த அன்றே கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில் இல்லாமல், உறையிலிட்டு வையுங்கள்.